ஆஸ்கோவ் பள்ளியும் காற்றைக் கற்ற மாணவனும்

மின்விளக்கின் பொத்தானை அழுத்துகின்ற விரல், அவ்விளக்கிற்கு உயிரூட்டும் மின்சாரம் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வி நிலையங்களிலும் நிலைமை இதுதான். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியரின் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. விதி தேர்வுக்கு உரியது. விசிறி மின்வாரியத்திற்கு உரியது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே ஓர் அறைக்குள் வாழ்கின்றன. மாதந்தோறும் வந்து சேரும் மின்கட்டணச் சீட்டு அலுவலக மேசையோடு நின்றுவிடுகிறது. பொறியியல் பயிலும் மாணவனுக்கு அது ஒருநாளும் பாடமாக வந்து சேர்வதில்லை.

பாடத்தையும் விளக்கையும் ஒன்றாக்கிய பள்ளி ஒன்று நூறாண்டுகளுக்கு முன்னரே இருந்தது. அப்பள்ளியின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்வது நன்று. தமிழ் ஆசிரியனுக்குக் காற்றாலையில் என்ன வேலை என்று கேட்போர் கேட்கலாம். அந்தப் பள்ளியை நிறுவத் தூண்டுதலாக இருந்தவரே ஒரு கவிஞர்தாம் என்பதைக் கட்டுரையைத் தொடர்ந்து படிப்போர் அறிவர்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குத் தொடர்வண்டியில் செல்வோர், ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது மலையடிவாரமெங்கும் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளைக் கண்டிருப்பர். அவற்றிற்கு ஏன் மூன்றே மூன்று இறக்கைகள்? கிணற்று நீரை இறைக்கும் பழைய காற்றாலைகளுக்கு இறக்கைகள் வட்டத்தை நிறைத்துக்கொண்டு நெருக்கமாக இருந்தனவே! இறக்கை கூடினால் காற்றும் கூடுதலாக அகப்படும் அல்லவா? இவ்வினாவிற்கு விடை தேடிப் புறப்பட்டால், டென்மார்க்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1904 ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு பயிற்சி வகுப்பில் போய் நிற்க நேரும். அவ்வகுப்பில் 17 வயது மாணவன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் பெயர் யொஹான்னஸ் யூல்.

தேர்வில்லாப் பள்ளி

டென்மார்க்கில் ‘மக்கள் உயர்பள்ளி’ என்று ஒருவகைப் பள்ளி உண்டு. கவிஞரும் வரலாற்றறிஞரும் சமயப் பணியாளருமான குருண்ட்விக் என்பார் வகுத்த கொள்கையின் வழியே தோன்றியவை அவை. அங்கே தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. உழவர் வீட்டு இளைஞர்கள் குளிர்கால மாதங்களில் வந்து தங்கி, தம் நாட்டு வரலாற்றையும் பாடல்களையும் மொழியையும் கற்றுச் செல்வர். 1864 இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க்கு தோற்றுத் தன் தென்பகுதியை இழந்தது. எல்லைக்கு அப்பால் போய்விட்ட ரோடிங் என்னும் ஊரில் இயங்கிய உயர்பள்ளி, எல்லைக்கு இப்பால் ஆஸ்கோவ் என்னும் சிற்றூருக்கு 1865 இல் இடம்பெயர்ந்தது. தோற்ற நாட்டிற்கு எஞ்சியவை மண்ணும் மொழியும் ஆளில்லா வெளிகளில் ஓயாது வீசும் மேல்காற்றுமே.

அப்பள்ளிக்கு 1878 இல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் பவுல் லா கூர். 1846 இல் பிறந்த இவர், டென்மார்க்கு வானிலை ஆய்வு நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர். தந்தித் துறையில் கண்டுபிடிப்புகள் செய்து பெயர் பெற்றவர். தலைநகரில் இருந்திருந்தால் பொருளும் புகழும் குவிந்திருக்கும். அவரோ உழவர் மக்களுக்குக் கணக்கும் இயற்பியலும் கற்பிக்க நாட்டுப்புறம் வந்தார். கற்பித்த முறையும் தனித்தன்மை உடையது. ஒரு விதியைச் சொல்லி மனனம் செய்யச் சொல்லாமல், அவ்விதியை மனிதன் எப்படிக் கண்டடைந்தான் என்னும் வரலாற்றின் வழியே அவர் பாடம் நடத்தினார். அந்த வகுப்புகளிலிருந்து பிறந்த அவருடைய பாடநூல்கள் டேனிய மொழியிலேயே எழுதப்பெற்றவை.

அக்காலத்தில் மின்சாரம் நகரங்களின் செல்வமாக இருந்தது. நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரம், நிலக்கரி வந்திறங்கும் துறைமுகங்களையும் நகரங்களையும் விட்டு நகரவில்லை. தொழில்கள் மின்சாரத்தைத் தேடி நகரத்திற்குப் போனால் மக்களும் அவற்றின் பின்னே போவர், சிற்றூர்கள் வெறுமையாகும் என்பதை லா கூர் முன்னரே உணர்ந்தார். சிற்றூரில் நிலக்கரி இல்லை, காற்று இருக்கிறது. 1891 இல் அரசின் உதவித்தொகை பெற்றுப் பள்ளி வளாகத்திலேயே ஓர் ஆய்வுக் காற்றாலையை அவர் எழுப்பினார்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் மனிதர் லா கூர் அல்லர். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்னும் பேராசிரியர் 1887 இல் தம் விடுமுறை வீட்டிற்கு இவ்வாறு ஒளியேற்றினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்னும் செல்வர் 17 மீட்டர் விட்டமும் 144 இறக்கைகளும் கொண்ட மாபெரும் ஆலையைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நிறுவினார். ஆயினும் அவை தனியொருவர் வீட்டு விளக்குகள். லா கூர் ஏற்ற முனைந்தது பள்ளியின் விளக்கு. அதன் வழியே ஊரின் விளக்கு.

வளாகமே ஆய்வுக்கூடம்

காற்றைப் பயன்படுத்துவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், அது நம் விருப்பப்படி வீசுவதில்லை என்பதே. காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகும். அதாவது ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே சிறிதளவு வேகம் ஏறினாலும் ஆலை தறிகெட்டுச் சுழலும். சிறிதளவு இறங்கினாலும் சோர்ந்து நிற்கும். இதனைச் சீராக்க எடையும் கப்பியும் கொண்ட ‘கிராட்டோஸ்டாட்’ என்னும் கருவியை லா கூர் அமைத்தார். மின்னாக்கிக்குச் செல்லும் விசை இதனால் ஒரே அளவாக நின்றது.

அடுத்த சிக்கல் சேமிப்பு. காற்றடிக்கும் நேரம் வேறு. விளக்கு வேண்டும் நேரம் வேறு. அக்கால மின்கலங்கள் விலைமிக்கவை. லா கூர் வேறு வழி கண்டார். காற்றாலை தரும் மின்சாரத்தை நீரினுள் செலுத்தினால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். அந்த ஹைட்ரஜனைத் தொட்டியில் சேமித்து, குழாய் வழியே கொண்டுசென்று விளக்கில் எரித்தார். 1895 முதல் 1902 வரை ஆஸ்கோவ் பள்ளியின் விளக்குகள் இவ்வாறுதான் எரிந்தன. காற்றடிக்கும் பகலில் நீரைப் பிரித்து, காற்றில்லா இரவில் அதை எரித்துப் பாடம் படித்தனர் மாணவர்.

ஹைட்ரஜனோடு சிறிதளவு ஆக்ஸிஜன் கலந்துவிட்டால் அது வெடிக்கும் கலவையாகும். அவ்வாறு கலந்து வெடித்ததில் பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தெறித்தன. ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாற்றிவிட்டு ஆய்வைத் தொடர்ந்தனர். இன்றைய கல்லூரி நிருவாகம் எதுவும் இதற்கு இசையுமா என்பது ஐயமே. இசைய வேண்டும் என்றும் யான் சொல்ல வரவில்லை. ஆயின் பிழை நேர்ந்ததும் ஆய்வையே மூடிவிடாத உள்ளத்தைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை.

மூன்றாவது சிக்கல் இறக்கையின் வடிவம். லா கூர் பெட்டி போன்ற குழாயினுள் செயற்கையாகக் காற்றைச் செலுத்தி, சிறிய மாதிரி இறக்கைகளை அதனுள் வைத்து அளந்தார். உலகின் முதல் காற்றுச் சுரங்க ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. அதில் அவர் கண்ட உண்மை எவரும் எதிர்பாராதது: மின்சாரம் எடுப்பதற்கு இறக்கைகள் பல வேண்டா, வேகமாகச் சுழலும் சில இறக்கைகளே சிறந்தவை. நெருக்கமாக அமைந்த இறக்கைகள் ஒன்று கலைத்த காற்றில் மற்றொன்று மோதி, ஒன்றுக்கொன்று தடையாகின்றன. நீர் இறைக்க மெதுவான வலிய விசை வேண்டும். அதற்குப் பல இறக்கைகள் பொருந்தும். மின்னாக்கிக்கு வேண்டுவது வேகம். ஆரல்வாய்மொழியில் எழுந்த வினாவிற்கு விடையின் முதற்பாதி இது.

1902 இல் ஆஸ்கோவ் ஆலை மின்கலங்களின் துணையோடு ஊருக்கே மின்சாரம் வழங்கும் நிலையமாயிற்று. மறு ஆண்டில் ‘டேனியக் காற்று மின்சாரக் கழகம்’ தோன்றியது. ஊர் தோறும் இத்தகைய நிலையம் அமைக்க எண்ணியபோதுதான் உண்மையான தட்டுப்பாடு தெரிந்தது. இயந்திரம் வாங்கலாம், அதைப் பேணும் ஆளுக்கு எங்கே போவது? நகரத்துப் பொறியாளர் சிற்றூருக்கு வரமாட்டார். ஆகவே 1904 இல் நாட்டுப்புற மின்பணியாளருக்கென ஆஸ்கோவிலேயே பயிற்சி வகுப்பு தொடங்கப்பெற்றது. காற்று மின்சாரத்திற்கென்றே ஓர் இதழும் அவ்வாண்டில் டேனிய மொழியில் வெளிவரலாயிற்று.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். 1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டென்மார்க்கின் மக்கள்தொகை 25 இலட்சத்திற்கும் குறைவு. அத்தனை சிறிய மக்கள் கூட்டத்தின் மொழியில், அன்றுதான் பிறந்துகொண்டிருந்த ஓர் அறிவியல் கற்பிக்கப்பட்டது. கலைச்சொல் இல்லையே, பாடநூல் இல்லையே என்று எவரும் காத்திருக்கவில்லை. நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ இதழ் 1948 முதலே தமிழில் அறிவியல் பேசியது. எனினும் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் கற்பிக்கப்பெற 2010 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இயந்திரத்தை வடிவமைப்பவனுக்கு எம்மொழியும் போதலாம். அதனைக் கையால் தொட்டுப் பழுது நீக்குபவனுக்குத் தாய்மொழியில் அது விளங்க வேண்டும். ஆஸ்கோவ் பள்ளி இவ்விரு மனிதரையும் ஒரே வகுப்பில் அமர்த்தியது. அதன் பயனை அடுத்துக் காண்போம்.

காத்திருந்த பாடம்

யூல் அவ்வகுப்பில் கற்று வெளியேறினான். நான்கு ஆண்டுகளில், 1908 இல், லா கூர் மறைந்தார். 1918 அளவில் ஏறத்தாழ 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலையைப் பயன்படுத்தின. பின்னர் நிலை மாறியது. டீசல் எந்திரம் மலிவாகக் கிடைத்தது. நகரத்து மாறுமின்னோட்டம் நீண்ட கம்பிகளின் வழியே சிற்றூருக்கு வந்தது. காற்றாலைகள் தந்ததோ நேர்மின்னோட்டம். அது தூரம் செல்லாது. ஒவ்வோர் ஊராகக் காற்றாலைகள் நின்றன. யூல் மின்பணியாளராகி, பின் தென்கிழக்கு ஜிலாந்துப் பகுதியின் மின்வழங்கு கழகம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றினார். கற்ற பாடத்திற்கு வேலையில்லை. இவ்வாறே நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாம் உலகப்போர் நிலக்கரி வரத்தையும் எண்ணெய் வரத்தையும் தடுத்தது. போருக்குப் பின்னும் தட்டுப்பாடு தீரவில்லை. 1947 இல், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய 60 வயது யூல், காற்று மின்சாரத்தை மறுபடியும் ஆராய வேண்டும் என்று தம் கழகத்தாரிடம் எடுத்துரைத்து இசைவு பெற்றார். பதினேழு வயதில் கேட்ட பாடம் அறுபது வயதில் முளைவிட்டது. மாணவனின் தேர்ச்சியை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளந்து பார்க்கும் நம் முறையில் இத்தகைய தேர்ச்சிக்கு மதிப்பெண் வழங்க இயலாது.

யூலின் முறை அடக்கமானது. முதலில் 1950 இல் வெஸ்டர் ஏகஸ்பொர்க் என்னுமிடத்தில் 8 மீட்டர் விட்டமுடைய இரண்டு இறக்கைச் சுழலி. அடுத்துப் போகோ என்னும் தீவில் 13 மீட்டர் விட்டமும் 45 கிலோவாட் ஆற்றலும் உடைய மூன்று இறக்கைச் சுழலி. அதுவும் பழைய சுழலி ஒன்றைத் திருத்தி அமைத்தது. இவ்விரண்டும் கற்றுத் தந்தவற்றைக் கொண்டு, டென்மார்க்கின் தென்கோடி முனையான கெட்ஸரில், 24 மீட்டர் விட்டமும் 200 கிலோவாட் ஆற்றலும் உடைய சுழலி 1957 இல் இயங்கத் தொடங்கியது. மார்ஷல் திட்ட நிதி அதற்கு உதவியது.

இரண்டு இறக்கைகளிலிருந்து மூன்றுக்கு ஏன் வந்தார்? காற்றின் திசை மாறுந்தோறும் சுழலியின் தலை திரும்ப வேண்டும். இரண்டு இறக்கைகள் மேலும் கீழுமாக நிற்கும் நொடியில் தலை எளிதாகத் திரும்பும். இடமும் வலமுமாகக் கிடக்கும் நொடியில் திரும்ப மறுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறு குலுங்கினால் எந்த இரும்பும் நாளடைவில் தளரும். மூன்று இறக்கைகளாயின் எந்நிலையிலும் கனம் சமமாகப் பரவி நிற்கும். நான்காவது இறக்கை செலவைக் கூட்டுமேயன்றி வரவைப் பெரிதும் கூட்டாது. மூன்று என்னும் எண் இவ்வாறு நிலைபெற்றது.

கெட்ஸர் சுழலியில் மேலும் மூன்று அமைதிகள் உள்ளன; மின்பொறியியல் மாணவர்கள் இவற்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒன்று, தூண்டல் மின்னாக்கி. சாதாரண மின்னோடியைப் போன்ற எளிய அமைப்புடைய இது, மாறுமின்னோட்டக் கம்பித்தொடரோடு நேரே இணைக்கப்பட்டது. நாடு முழுதும் ஓடும் அத்தொடரின் நிலையான துடிப்பே சுழலியின் வேகத்தைக் கட்டி நிறுத்தும். லா கூர் எடையும் கப்பியும் கொண்டு செய்த வேலையை இங்கே மின்தொடரே செய்தது. நேர்மின்னோட்டத்தால் காற்றாலைக்கு நேர்ந்த தனிமையும் நீங்கியது. இரண்டாவது, கோணம் மாறாத இறக்கை. காற்று அளவு மீறி வீசும்போது, இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்றோட்டம் தானே பிரிந்து, தூக்குவிசை குறைந்துவிடும்படி அதன் வடிவம் அமைந்திருந்தது. புயற்காற்றில் இறக்கை தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். ஆளோ நுண்கருவியோ வேண்டா. மூன்றாவது, இறக்கை நுனியில் தடைத்தகடு. மின்தொடர் அறுந்து சுழலி கட்டுமீறி ஓடுமாயின், நுனிப்பகுதி குறுக்காகத் திரும்பிக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும்.

இவை அனைத்திலும் ஊர் மின்பணியாளனின் கண் தெரிகிறது. கோபுரத்தின் மேல் ஏறிப் பழுது பார்க்கப் போகிறவன் யார் என்பதை மனத்திற்கொண்டு வடிவமைத்த இயந்திரம் அது.

மாறாக, பேரறிஞர் பலர் கூடி அமைத்த பெரும் இயந்திரங்களின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1941 இல் 1,250 கிலோவாட் சுழலி ஒன்று எழுந்தது. 1945 இல் அதன் இறக்கையொன்று முறிந்து விழ, அத்துடன் முடிந்தது. ஜெர்மனி 1983 இல் 100 மீட்டர் விட்டமும் 3,000 கிலோவாட் ஆற்றலும் உடைய இரண்டு இறக்கைப் பெருஞ்சுழலியை எழுப்பியது. ஏறத்தாழ 420 மணி நேரமே ஓடிய அதனைச் சில ஆண்டுகளில் கழற்றிவிட்டனர். கெட்ஸர் சுழலியோ 1967 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரும் பழுதின்றி ஓடியது. படிப்படியாக ஏறியதும், ஒவ்வொரு படியிலும் நின்று அளந்து பார்த்ததுமே இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்பது என் துணிபு. மாணவர்களின் செய்திட்டங்களில் பெரும்பாலானவை, ஓடாத பெரிய இயந்திரத்தின் அழகிய படமாக ஏட்டில் முடிவதைக் காணும்போதெல்லாம் அந்த 8 மீட்டர் சுழலி நினைவுக்கு வருகிறது.

பத்தாண்டு ஓடியதற்குக் கிடைத்த பரிசு என்ன? எண்ணெய் விலை அடிமட்டத்தில் இருந்த காலம் அது. காற்று மின்சாரம் எரிபொருள் மின்சாரத்தினும் விலை கூடியது என்று 1962 இல் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. 1967 இல் பழுது நேர்ந்தபோது செப்பனிட எவரும் முன்வரவில்லை. சுழலி நிறுத்தப்பட்டது. 1969 இல் யூல் மறைந்தார். அவர் கண்ணை மூடும்போது அவருடைய சுழலி அசைவற்று நின்றது.

மீண்டும் ஒரு வளாகம்

1973 இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இறக்குமதி எண்ணெயால் நிறைவு செய்துவந்த டென்மார்க்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்தி ஓட்டுவதே தடை செய்யப்பட்டது. அணு உலைகள் அமைக்கலாம் என்று அரசும் மின்கழகங்களும் பேசின. வேண்டா என்று கூறியோர் வேறு வழி காட்ட வேண்டியவராயினர். அப்போதுதான் கெட்ஸர் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனமும் அதில் ஆர்வம் காட்ட, துருப்பிடித்து நின்ற சுழலி செப்பனிடப்பெற்று, 1977 முதல் ஈராண்டு காலம் மீண்டும் சுழன்றது, அளவுகள் எடுக்கப்பட்டன. ரீஸாகர் என்னும் தச்சர் கெட்ஸர் சுழலியை முன்மாதிரியாகக் கொண்டு 22 கிலோவாட் சுழலிகளைத் தம் பட்டறையில் செய்து விற்றார்.

இக்காலத்தில் இன்னொரு கல்வி வளாகம் முன்னணிக்கு வந்தது. மேற்கு டென்மார்க்கில் உல்ஃபொர்க் அருகேயுள்ள ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும், தம் பள்ளிக்கு வேண்டிய ஆற்றலைத் தாமே ஆக்கிக்கொள்வதென 1975 இல் பணியைத் தொடங்கினர். ஆசிரியர்கள் தம் ஊதியத்திலிருந்து பணம் தந்தனர். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அறிவுரை வழங்கினர். அடித்தளம் தோண்டியதும், கம்பி கட்டியதும், ஒவ்வொன்றும் 27 மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை இறக்கைகளை வார்த்ததும் மாணவர்களும் தொண்டர்களுமே. 1978 மார்ச்சுத் திங்களில் 54 மீட்டர் விட்டமுடைய அச்சுழலி இயங்கத் தொடங்கியது. அந்நாளில் உலகிலேயே மிகப் பெரியது அதுவே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஓய்ந்துவிடவில்லை. இறக்கையின் அடியை இரும்போடு பொருத்துவதற்கு அவர்கள் கண்ட முறையைப் பின்னர் டேனியத் தொழிற்கூடங்களும் எடுத்துக்கொண்டன. அப்பள்ளிகளை நடத்திய அமைப்பின் தலைவர்கள்மீது பிற்காலத்தில் நிதி முறைகேட்டு வழக்குகள் எழுந்ததையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தின் வரலாறு வேறு, அமைப்பின் வரலாறு வேறு.

வளாகத்தில் மாணவத் தலைமை என்றால் தேர்தலும் கொடியும் மேடையும் என்றே நாம் பழகிவிட்டோம். ட்விண்ட் மாணவர்களின் தலைமை வேறுவகை. நாளைக்கு ஊற்ற வேண்டிய சிமெண்டு எவ்வளவு, மழை வந்தால் வார்ப்பை எதைக் கொண்டு மூடுவது, பார்வையாளர்க்கு விளக்கம் சொல்பவர் யார் என்பன போன்ற வினாக்களுக்கு விடை தந்தவரே அங்குத் தலைவர்.

அதே ஆண்டுகளில் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்னும் இளைஞர், பல்கலைக்கழகம் புகுமுன்னரே, கொல்லர் ஒருவரோடு சேர்ந்து மூன்று இறக்கைச் சுழலி ஒன்றை அமைத்தார். 1979 இல் அவ்வடிவத்தின் உரிமையை வெஸ்டாஸ் நிறுவனம் பெற்றது. பின்னர் ஸ்டீஸ்டால் பணியாற்றிய மற்றொரு நிறுவனம், உலகின் முதற் கடற்காற்றுப் பண்ணைக்கு 1991 இல் 11 சுழலிகளை வழங்கியது. 2024 இல் பொறியியலுக்கான எலிசபெத் அரசியார் பரிசு அவருக்கும் ஆண்ட்ரூ கராட் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்து வருகிறது. வெஸ்டாஸ் கடலில் நிறுத்தும் பெருஞ்சுழலியின் விட்டம் 236 மீட்டர். கெட்ஸர் சுழலி வளைத்த வட்டத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு பரப்பை அது வளைக்கிறது. இறக்கைகள் மூன்றே.

இவ்வலை நம் கரைக்கும் வந்தது. 1986 இல் இந்தியாவின் முதற் காற்றுப் பண்ணைகளுள் ஒன்று தூத்துக்குடியை அடுத்து அமைந்தது. பின்னர் டேனிய அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டேனியச் சுழலிகள் நிறுவப்பெற்றன. கயத்தாற்றில் உள்ள காற்றுச்சுழலி ஆய்வு நிலையமும் டேனியத் தொழில்நுட்ப உதவியால் உருவானதே. தமிழகத்தில் நிறுவப்பட்ட காற்றுமின் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. சங்கப் புலவர் வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியவன் வழிவந்தவனாகக் கரிகாலனைப் பாடினார். தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த நாம், அதனை அளக்கும் கருவியையும் ஆளும் கருவியையும் பிறரிடமிருந்து பெற்றோம். பெறுவதில் இழுக்கில்லை. பெற்றதைக் கற்றோமா என்பதே வினா.

இன்று பல கல்லூரிகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் மின்னுகின்றன. ஒப்பந்தக்காரர் வந்து பொருத்திப் போகிறார்; திறப்பு விழாப் படம் நாளிதழில் வருகிறது. அத்தகடு நேற்று எத்தனை அலகு மின்சாரம் தந்தது, தூசு படிந்தபோது எவ்வளவு குறைந்தது, விடுதி நீரேற்றும் மோட்டாரை நண்பகலுக்கு மாற்றினால் கட்டணத்தில் என்ன மிச்சம் என்று கேட்கும் மாணவனுக்கு அந்த அளவியின் எண்களைக் காட்டும் கல்லூரிகள் எத்தனை? செலவு ஏதுமில்லாத பாடம் இது. ஒரு குறிப்பேடும், அலுவலகத்து மின்கட்டணச் சீட்டின் படியும், மாடிக்குச் செல்லும் கதவின் சாவியும் போதும். மாணவன் அறியும் மொழியில் அதை விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் எத்துறையினராயினும் ஆகுக.

கெட்ஸர் சுழலியின் தலைப்பகுதி இன்று டென்மார்க்கின் ஆற்றல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆஸ்கோவில் லா கூரின் பெயரால் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அவருடைய ஹைட்ரஜன் தொட்டியும் பழங்கதையாகிவிடவில்லை. ஆஸ்கோவ் இருக்கும் அதே ஜட்லாந்து நிலப்பகுதியில், பிராண்டே என்னும் ஊரில், காற்றுச்சுழலி ஒன்றை மின்பகுப்புக் கருவியோடு நேரே இணைத்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆய்வை 2021 இல் ஒரு நிறுவனம் நடத்திக் காட்டியது. இத்தகைய நிலையங்களில் ஹைட்ரஜனோடு ஆக்ஸிஜன் எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் கருவிகள் இடைவிடாது அளந்து, அளவு மீறினால் தாமே இயக்கத்தை நிறுத்திவிடும். அக்கருவி லா கூரிடம் இல்லை. அவரிடம் இருந்தவை மாற்றிப் போடச் சில சன்னல் கண்ணாடிகளும், கரும்பலகையும், எதிரே அமர்ந்திருந்த உழவர் வீட்டு இளைஞர்களுமே.